6 மாதமா, ஒன்றரை வயதா? ராஜபாளையம் நாயின் கருத்தடையும் ஒரு புதுச்சேரி கிளினிக்கும்

கருத்தடை ஆபரேஷனுக்குத் தேதி கேட்டுப் போன எங்களை "இப்போ வேணாம், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று திருப்பி அனுப்பிய ஒரு கிளினிக்குக்கு நான் நல்ல மார்க் போடப் போகிறேன், அதனால் ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் புதுச்சேரி, ரெட்டியார்பாளையம் பக்கம். பெயரைப் போடவில்லை, சாயங்காலத்தில் அங்கே இப்போதே உட்கார இடம் கிடைப்பதில்லை, அது போக குறையும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். நாய் ராஜபாளையம், பெண், பெயர் வெள்ளச்சி. எட்டு மாதத்திலேயே சாப்பாட்டு மேசையில் என்ன இருக்கிறது என்று நின்றபடியே மோந்து பார்க்கும் உயரம். முதலில் உள்ளூரிலேயே ஓர் இடத்தில் காட்டினோம். அங்கிருந்த டாக்டர் தடுப்பூசி அட்டையைப் பார்த்தார், வயதைக் கேட்டார், "ஆறு மாசம் தாண்டிடுச்சே, வர்ற வாரம் கொண்டு வந்துடுங்க, முதல் நாள் ராத்திரி சாப்பாடு போடாதீங்க" என்றார். எடை பார்க்கவில்லை, ஹீட்டுக்கு, அதாவது ஆண் நாயோடு சேரும் பருவத்துக்கு, வந்ததா என்றும் கேட்கவில்லை. 6 மாதம் என்பது அவர் கற்பனையில் வந்ததல்ல, ஸ்பிட்ஸ், பொமரேனியன் மாதிரி சின்ன நாய்களுக்கு ரொம்ப காலமாகச் சொல்லப்படுகிற கணக்குதான். ஆனால் 6 மாதத்தில் பொமரேனியன் ஏறக்குறைய வளர்ந்து முடித்திருக்கும், ராஜபாளையத்துக்குக் கால் இன்னும் நீண்டுகொண்டிருக்கும்.

வீட்டில் வேறு கட்சிகள். அம்மா "ஒரு ஈத்து குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது, அப்புறம் என்ன வேணா பண்ணுங்க" என்பார். எதிர்வீட்டு அண்ணி "பொட்டை நாயை வச்சிக்கிட்டு யாரு தெரு நாயெல்லாம் விரட்டறது, சீக்கிரம் பண்ணிடுங்க" என்பார். குடும்பக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்துவிட்டதாலோ என்னவோ, தெருவில் எல்லோருக்கும் இதில் ஒரு கருத்து இருக்கிறது.

அதனால்தான் புதுச்சேரி போனது. கடலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவுதான், ஆனால் தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று வரிசையாக நெரிசல், காரின் பின் சீட்டில் இவ்வளவு பெரிய நாய் எழுந்து நின்றுகொண்டு டிரைவரின் காதில் மூச்சு விட்டுக்கொண்டு வரும்போது அந்தத் தூரம் இரண்டு மடங்காகத் தெரியும்.

டாக்டரம்மா முதலில் எடை போட்டார், பிறகு கேள்வியாகக் கேட்டார். வீட்டுக்குக் காம்பவுண்டு சுவர் உண்டா, எவ்வளவு உயரம்? பகலில் வீட்டில் ஆள் இருப்பார்களா? தெருவில் ஆண் நாய்கள் எத்தனை, அவற்றில் கருத்தடை செய்த அடையாளமாகக் காது நுனி வெட்டியது எத்தனை? வீட்டில் வேறு ஆண் நாய் இருக்கிறதா? குட்டி எடுக்கும் எண்ணம் உண்டா? வயிற்றையும் பின்பக்கத்தையும் பரிசோதித்தார். சில குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு உள்வாங்கி, மேலே தோல் மூடி இருக்கும், அங்கே ஈரம் தங்கிப் புண் வரும், அப்படி இருந்தால் ஒரு ஹீட் முடிந்த பிறகு செய்வது நல்லது என்றார். எங்கள் நாய்க்கு அந்தப் பிரச்சினை இல்லை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் வயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆலோசனைக்கு வாங்கியது 400 ரூபாய். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்துப் பேசினார், வெளியே காத்திருந்தவர்கள் எங்களை முறைத்தது தனிக் கதை.

அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு பகுதி இருக்கிறது, நீளம் கூடுவது அங்கேதான். பருவம் வந்ததும் சினைப்பையிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதை மூடச் சொல்லும். சினைப்பையை முன்கூட்டியே எடுத்துவிட்டால் அந்தச் சேதி போகாது, தட்டு தாமதமாக மூடும், எலும்பு கொஞ்சம் கூடுதலாக வளரும், மூட்டின் கோணம் மாறலாம். சின்ன நாய்க்கு இது பெரிய விஷயமில்லை. முப்பது கிலோ உடம்பைத் தாங்க வேண்டிய இடுப்புக்கும் முழங்காலுக்கும் இது விஷயம். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 35 இனங்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். அதில் லாப்ரடார் பெண்ணுக்கு ஒரு வயது தாண்டட்டும், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயது தாண்டட்டும் என்கிற மாதிரி இனத்துக்கு ஓர் ஆலோசனை. சின்ன இனங்கள் பெரும்பாலானவற்றில் மூட்டுக் கோளாறு கூடவில்லை. கோல்டன் ரெட்ரீவர் பெண்ணுக்கு மட்டும் கதை வேறு, அதில் புற்றுநோய்க் கணக்கும் உள்ளே வருகிறது.

"ராஜபாளையத்துக்கு என்ன போட்டிருக்காங்க டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். அந்த 35இல் நம் ஊர் நாய் ஒன்றுகூட இல்லை. கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம் எதுவும் கிடையாது. ஆகவே எடையையும் உயரத்தையும் வைத்து, நெருக்கமான இனங்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நேரடியாகவே சொன்னார். எனக்கு அந்த இடத்தில்தான் இவர்மேல் நம்பிக்கை வந்தது.

தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஒன்று மார்புக் கட்டி. 1969இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின் எண்கள்தான் இன்றுவரை எல்லா இடத்திலும் ஓடுகின்றன: முதல் ஹீட்டுக்கு முன் என்றால் 0.5 சதவீதம், முதல் ஹீட்டுக்குப் பின் 8, இரண்டாவதுக்கும் அப்புறம் 26. இதை நூற்றில் எட்டு நாய்க்குக் கட்டி வரும் என்று படித்துவிட்டுப் பலர் பயந்து ஓடுகிறார்கள். அப்படியில்லை. கருத்தடையே செய்யாத நாய்க்கு எவ்வளவு அபாயமோ, அதில் 8 சதவீதம்தான் மிச்சம் என்று அர்த்தம். அதாவது ஒரு ஹீட் விட்டுச் செய்தாலும் பெரும்பகுதிப் பாதுகாப்பு கையில் இருக்கிறது. இரண்டாவதையும் விட்டால் நிறையவே குறைகிறது. 2012இல் பிரிட்டனில் பழைய ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள், இந்த விஷயத்தில் ஆதாரமே பலவீனமானது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது, பயோமெட்ரா. எனக்கு இதுதான் பெரிய பயமாக இருந்தது. ஸ்வீடனில் நாய்க் காப்பீட்டுக் கணக்கை வைத்துப் பார்த்ததில், கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வந்திருக்கிறது. ஹீட் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் வருவது வழக்கம். நாய் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும். சீழ் வெளியே வந்தால் கண்ணில் படும், கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் அதுவும் தெரியாது, அதுதான் ஆபத்தானது. அப்படி எதுவும் தெரிந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இளம் நாய்க்கு அவ்வளவாக வருவதில்லை, வயது ஏற ஏறத்தான் கூடும். குட்டி எடுப்பதில்லை என்று முடிவான நாயைக் கடைசிவரை அப்படியே விடுவது எங்களுக்குச் சரிவரவில்லை. ஒரு ஈத்து போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை என்றும் சொன்னார், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், வீடு வரும்வரை பேசவில்லை.

சிறுநீர் கட்டுப்படாமல் தூக்கத்தில் சொட்டும் பிரச்சினையையும் அவரே எடுத்தார். கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்கு வருகிறது, இருபது கிலோவுக்கு மேலான நாய்களுக்குக் கூடுதல், ரொம்பச் சின்ன வயதில் செய்தால் இன்னும் கூடலாம். மாத்திரை இருக்கிறது, பெரும்பாலும் கட்டுப்படும். எத்தனை பேர் இதை ஆபரேஷனுக்கு முன் சொல்கிறார்கள்?

சரி, முடிவு இப்படி ஆனது: முதல் ஹீட் வரட்டும், அது முடிந்து மூன்று மாதம் போகட்டும், இரண்டாவது வருவதற்குள் செய்துவிடலாம். அந்த மூன்று மாதம் ஏன் என்றால், ஹீட் சமயத்தில் கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம், ஆபரேஷனில் ரத்தக்கசிவு கூடும். முடிந்த கையோடு செய்தாலும் சிக்கல். பல நாய்களுக்கு அப்போது பொய்ச்சினை பிடிக்கும், பால்கூட சுரக்கும், அந்த நேரத்தில் சினைப்பையை எடுத்தால் அது சட்டென்று அடங்காமல் இழுத்துக்கொண்டு போகலாம்.

இதே டாக்டரம்மா தெரு நாய்களுக்கும் கருத்தடை செய்கிறவர். அதற்கு இந்த வயதுக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை என்றார். தெரு நாய் கையில் அகப்படும் நாள்தான் தேதி. அடுத்த முறை பிடிக்கப் போகும்போது அது வயிற்றில் குட்டியோடு இருக்கும். சுவர் குட்டையாக இருக்கிற வீட்டுக்கும், பகல் முழுக்க ஆளில்லாத வீட்டுக்கும் அவர் முன்கூட்டியே செய்யச் சொல்வதுண்டாம், மூட்டைவிட அங்கே பெரிய அபாயம் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. எங்களிடம் சுவர் உயரத்தைக் கேட்டது அதற்குத்தான்.

ஐப்பசி தொடக்கத்தில் ஹீட்டுக்கு வந்தாள், அப்போது ஒரு வயது. கிட்டத்தட்ட மூன்று வாரம். முதல் வாரம் ரத்தம் நன்றாகத் தெரியும், ஆண் நாய் வந்தாலும் இவளே விரட்டுவாள். இரண்டாவது வாரத்தில் நிறம் வெளுக்கும், அப்போதுதான் சினை பிடிக்கும் நாட்கள், ரத்தம் குறைந்துவிட்டது முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே விட்டால் தொலைந்தது. எங்கள் தெருவில் அதுவரை பார்த்தே இராத ஆண் நாய்கள் எல்லாம் கேட்டில் வந்து படுத்திருந்தன. நாய்க்கான டயப்பர் வாங்கினோம். தரை கறைபடாமல் இருக்க உதவும், சேர்க்கையைத் தடுக்காது, இதைப் பாக்கெட்டிலேயே கொட்டை எழுத்தில் போட வேண்டும். மெலிந்த இடுப்பு என்பதால் எங்கள் நாய்க்கு அது நிற்கவும் இல்லை. கடைசியில் மாடிதான் கை கொடுத்தது.

அப்புறம் மழை. மூன்று மாதக் கணக்கு எப்படியும் தை மாதத்தில் வந்து நின்றது, வராவிட்டாலும் கார்த்திகையில் கடலூரில் இந்த ஆபரேஷனை நான் செய்ய மாட்டேன். தையல் இரண்டு வாரம் நனையாமல் இருக்க வேண்டும். நம் தெருவில் ஐப்பசி, கார்த்திகையில் நாயை மூத்திரம் போகக் கூட்டிப் போனாலே வயிறு வரை தண்ணீர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது எங்கள் பக்கம் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளியை ஒட்டியும் வைக்காதீர்கள், வெடிச் சத்தத்தில் பாய்கிற நாய்க்குத் தையல் பிரியும். வயதை மட்டும் பேசுகிற கட்டுரைகளில் இதெல்லாம் இருப்பதில்லை.

பொங்கல் முடிந்து ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். தட்டணுக்கள் குறைவு. நாய் நன்றாகத்தான் சாப்பிட்டு ஓடிக்கொண்டிருந்தது, வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. உண்ணிக் காய்ச்சல், எர்லிகியா. நம் பக்கம் உண்ணி இல்லாத மாதம் ஏது. தட்டணு குறைந்த நாயை மேசையில் ஏற்றினால் ரத்தம் உறையாமல் போகலாம் என்பதால், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் நான்கு வாரம் கொடுத்து மறுபடி பரிசோதித்து, மாசியில்தான் ஆபரேஷன். இரண்டாவது ஹீட்டுக்கு முன் முடிய வேண்டுமே என்று எனக்குப் பதற்றம், அவருக்கு அது இல்லை. கட்டணம் வர வேண்டிய ஓர் ஆபரேஷனை இரண்டாவது தடவையும் அவர் தள்ளிவைத்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்கு எந்த ஊரில் செய்தாலும் ரத்தம் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மயக்க மருந்து விஷயத்திலும் ஒன்று. ராஜபாளையம் வேட்டை நாய்க்கு உரிய ஒல்லியான உடல்வாகு, உடம்பில் கொழுப்பு குறைவு. கிரேஹவுண்டு வகை நாய்களுக்கு தயோபென்டோன் கொடுத்தால் தெளிய ரொம்ப நேரம் ஆகும் என்பது கால்நடை மருத்துவத்தில் பழைய பாடம். அதனால் புரோபோஃபால் கொடுத்துத் தூங்க வைத்து, ஐசோஃப்ளூரேன் வாயுவில் வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட நாய் மயக்கத்தில் சீக்கிரம் குளிர்ந்தும் போகும், முடியும்போது மேலே போர்வை போட்டிருந்ததைப் பார்த்தேன். கன்னி, சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களும் எந்த மயக்க மருந்து என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டால் கோபப்படுகிற டாக்டராக இருந்தால் வேறு இடம் பாருங்கள். கர்ப்பப்பை, சினைப்பை இரண்டையும் எடுத்தார்கள். காலையில் விட்டு, சாயங்காலம் நடத்தியே கூட்டி வந்தோம்.

இனி குறைகள். ஆபரேஷனுக்குப் பிறகு மாட்டச் சொல்லி அங்கே விற்ற பிளாஸ்டிக் கூம்பு இந்தக் கழுத்துக்குக் குட்டை. வீட்டுக்கு வந்த அன்றே நாய் அதைத் தாண்டித் தையலை நக்கியது. துணியில் தைத்த வயிற்றுச் சட்டை பெரிய அளவில் அவர்களிடம் இல்லை, என் பழைய பனியனைக் கால் நுழைக்க வெட்டி அக்கா தைத்துக் கொடுத்தாள், அதுதான் தையல் பிரிக்கும்வரை தாக்குப்பிடித்தது. காத்திருக்கும் இடத்தில் பூனை, நாய், ஆண், பெண் எல்லாம் ஒரே பெஞ்சு ஓரம். ஹீட் சமயத்தில் ஒரு சந்தேகம் கேட்க நாயோடு போயிருந்தால் கலவரம் ஆகியிருக்கும், நல்லவேளை நாயைக் கூட்டிப் போகவில்லை. வெளியே கார் நிறுத்த இடம் கிடையாது, மயக்கம் முழுக்கத் தெளியாத பெரிய நாயைச் சாலையைக் கடந்து தாங்கிப் பிடித்து நடத்தி வர வேண்டியிருந்தது. ஓர் உதவியாளர் வந்தார், இன்னொருவரும் வந்திருக்கலாம்.

செலவு: ரத்தப் பரிசோதனைகள், மருந்து, ஆபரேஷன் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாயைத் தொட்டது. உண்ணிக் காய்ச்சல் மருந்தும் அதில் அடக்கம். எல்லோராலும் முடியாது, எனக்கும் வலித்தது. புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் மருத்துவமனை இருக்கிறது, கல்லூரி மருத்துவமனை என்பதால் தனியார் அளவுக்குச் செலவாகாது, அங்கேயும் விசாரியுங்கள். எங்கே போனாலும் மேலே எழுதிய கேள்விகளை நீங்களே கேட்டுவிடலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள், உடம்புக்குத் தேவைப்படும் அளவே குறைந்துவிடுமாம், பழைய அளவில் போட்டால் குண்டாகும், குண்டானால் எந்த மூட்டுக்காக இவ்வளவு காத்திருந்தோமோ அந்த மூட்டுக்கே கேடு. தயிர் சாதத்தில் ஒரு கரண்டி குறைத்தாலும் அம்மா இன்னும் சண்டைக்கு வருகிறார், நான் பார்க்காதபோது அந்தக் கரண்டி உள்ளே போகிறது என்பது எடை பார்க்கும்போது தெரிகிறது. சிறுநீர்ச் சொட்டு இதுவரை இல்லை.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது போனுக்காக. கூம்பைத் தாண்டித் தையலை நக்கிய அன்று ராத்திரி நாங்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தோம், யாரும் எடுக்கவில்லை, மறுநாள் காலையில்தான் திருப்பிக் கூப்பிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த நாய்களுக்காவது ராத்திரி எடுக்கிற மாதிரி ஒரு நம்பர் கொடுத்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை அடைப்பு. கடலூரிலிருந்து போகிறவர்கள் காலை முதல் டோக்கனுக்குப் போங்கள், திரும்பும்போது அரியாங்குப்பத்தில் மாட்டாமல் வெயிலுக்கு முன் வீடு வந்துவிடலாம்.